கிரேக்க ராணியின் நற்சாட்சிப் பத்திரம்

மயிலாப்பூரில் சமீபத்தில் நடந்த ஒரு வேதாந்தப் பிரசங்கத்துக்கு நாமும் போயிருந்தோம். ஞானம் தேடிப் போகவில்லை. அழைத்த நண்பரின் மனம் நோகக்கூடாதென்றும், மாட வீதிப் பக்கம் வேறொரு சொந்தக் காரியம் இருந்ததாலும் போனோம். பிரசங்கியார் நல்ல வாசாலகர். பிரம்மம் ஒன்றே சத்தியம், மற்றதெல்லாம் மாயை என்று முக்கால் மணி நேரம் சொல்லிவிட்டு, சபையோரில் பாதிப்பேர் கண்ணயர்வதைப் பார்த்ததும், மடியிலிருந்து ஒரு ராணியை எடுத்து விட்டார். உடனே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்!

ராணி வேறு யாருமல்ல. கிரேக்க தேசத்து ராணியாயிருந்த பிரெடெரிகா அம்மையார். “சோக்ரதர் பிறந்த தேசத்தின் ராணியே நம் சென்னைக்கு வந்து அத்வைதம் படித்தாள். கிரேக்கம் தான் பிறந்த நாடு, இந்தியாவோ தன் ஆத்மாவின் நாடு என்று அவளே சொன்னாள். இதற்கு மேலும் நம் தத்துவத்துக்குச் சாட்சி வேண்டுமா?” என்று பிரசங்கியார் கேட்டார். கைதட்டல் பலமாயிருந்தது. நம் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்ல. பக்திப் பத்திரிகைகளிலும் மடத்து மலர்களிலும் பல வருஷங்களாக இது உலவி வருகின்றது. நாம் கலாசாலை வாசலை மிதித்தவரல்ல. படித்ததெல்லாம் நூல் நிலையப் பெஞ்சியிலும் இரவல் புத்தகத்திலும்தான். அப்படிப்பட்ட நமக்கே ஒரு சங்கதி தெரியும்: அந்த அம்மையார் கிரேக்கத்தில் பிறக்கவேயில்லை! 1917 ஏப்ரல் 18இல் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் பிறந்தவர். கிரேக்கம் அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாடு. தாம் எங்கே பிறந்தோம் என்பது ஒரு ராணிக்குத் தெரியாமலிருக்குமா? ஆகவே அவர் சொன்னதை யாரோ திரித்திருக்க வேண்டும், அல்லது அவர் வாயில் யாரோ வைத்திருக்க வேண்டும். எப்படியானாலும், இத்தனை வருஷமாய் இதை அச்சடித்தவர்களும், படித்துப் புல்லரித்தவர்களும், கைதட்டியவர்களும், ஒருவராவது ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. ராணியின் பிறந்த ஊரையே விசாரிக்காதவர்கள், ஆத்மாவின் பிறந்த ஊரை மட்டும் விசாரித்துக் கண்டுவிட்டார்களாம்!

போகட்டும். பிரசங்கியார் சொல்லாமல் விட்ட கதையை நாம் சொல்லுகின்றோம். அந்த அம்மையாரைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. அவர் 1981இலேயே காலமாகிவிட்டார். அவரைக் காட்டிப் பிழைப்பவர்களோடுதான் நமக்கு வழக்கு.

சென்னை நகரத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் உள்ள சம்பந்தம் அத்வைதத்தில் தொடங்கியதல்ல; பீரங்கிக் குண்டில் தொடங்கியது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. குண்டு ஹைகோர்ட்டுப் பக்கமும் விழுந்தது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். இன்றைக்கும் பொல்லாத ஆசாமியை “அவன் சரியான எம்டன்” என்று சொல்லுகின்றோமே, அந்தக் கப்பல்தான். அதை ஏவிய கடற்படைக்குத் தலைவனான ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்லியமின் ஒரே மகள் விக்டோரியா லூயிஸ். அவர் மகள்தான் இந்த பிரெடெரிகா.

அந்தத் தாயாரின் கலியாணம் 1913 மே மாதம் பெர்லினில் நடந்தது. இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஜார்ஜ் வந்திருந்தார். ருஷ்ய ஜார் நிக்கலஸ் வந்திருந்தார். எல்லோரும் சொந்தக்காரர்கள், ஒரே பந்தியில் உண்டு ஒரே படத்தில் நின்றார்கள். அடுத்த வருஷமே இந்தச் சொந்தக்காரர்களின் சைனியங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. லட்சக்கணக்கில் செத்தவர்களில் சம்பந்தி வீட்டார் எத்தனை பேர், ஏர் பிடித்த குடியானவன் எத்தனை பேர் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? “ராஜ குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டால் தேசங்களுக்குள் சமாதானம் உண்டாகும்” என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். சமாதானம் உண்டான யோக்கியதை இதுதான்!

குழந்தை பிறந்து இரண்டு வருஷத்துக்குள் யுத்தத்தில் தோற்ற கெய்சர் ஹாலந்துக்கு ஓடினார். குழந்தையின் தகப்பனாரும் தமது பிரன்ஸ்விக் சமஸ்தானத்தை இழந்தார். நாடில்லாத ராஜகுமாரிக்கு நாடுள்ள மாப்பிள்ளை தேடினார்கள். அகப்பட்டவர் கிரேக்க இளவரசர் பால். பெண்ணுக்குப் பதினைந்து வயது மூத்தவர். அவர் கெய்சரின் தங்கை சோபியாவின் மகன். அதாவது, பெண்ணின் தாயாருக்கு அத்தை மகன். நம் ஊர்க் கிழவியிடம் இந்த முறையைச் சொல்லிப் பாருங்கள். “தாய்க்கு முறை மாப்பிள்ளை என்றால் மகளுக்குத் தகப்பன் முறையாச்சே, அடப்பாவிகளா!” என்று காதைப் பொத்திக்கொள்ளுவாள். ஏழை செய்தால் முறை கெட்ட காரியம், ராஜா செய்தால் வம்சப் பெருமை. இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய நியாயமல்ல என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையாவது கிரேக்கரா என்றால் அதுவுமில்லை. துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற கிரேக்கருக்கு வல்லரசுகள் முதலில் பவேரியாவிலிருந்து ஓட்டோ என்ற ஒரு ராஜாவை இறக்குமதி செய்து கொடுத்தன. அவரை 1862இல் ஜனங்கள் விரட்டினார்கள். பிறகு 1863இல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு பையனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அந்த டேனிஷ் பையனின் பேரன்தான் பால். ஆக, பெண் ஜெர்மனி, மாப்பிள்ளையின் வம்சம் டென்மார்க், சிம்மாசனம் கிரேக்கம். இதற்கெல்லாம் சிகரமாய், பெண் இங்கிலாந்து ராஜ வம்சத்து வழி வந்தவர் என்பதால் 1772ஆம் வருஷத்துச் சட்டப்படி லண்டனிலிருந்து சம்மதம் வேண்டியிருந்தது! அதையும் வாங்கிக்கொண்டு 1938 ஜனவரி 9இல் ஏதென்ஸில் கலியாணம் நடந்தது. யாரைக் கேட்கவில்லையென்றால், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்போகிற கிரேக்கக் குடியானவனைத்தான் கேட்கவில்லை. சோக்ரதருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உள்ள பந்துத்துவம் இவ்வளவுதான்.

1941இல் ஜெர்மனி கிரேக்கத்தின் மேல் பாய்ந்தபோது பிறந்த நாட்டுப் படைக்குப் பயந்து புகுந்த நாட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. கிரீட், எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று குழந்தைகளோடு அலைந்தார். கடைசிப் பெண் ஐரீன் 1942இல் கேப் டவுனில் பிறந்தாள். அந்தக் கஷ்டத்தை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். 1947இல் பால் ராஜாவானார், இவர் ராணியானார். உள்நாட்டு யுத்த காலம். அம்மையார் நிதி திரட்டிக் குழந்தை விடுதிகள் ஏற்படுத்தினார். ராஜ பக்தர்கள் அதை அனாதைகளுக்குச் செய்த தருமம் என்றார்கள். எதிர்க்கட்சியார், எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜ விசுவாசம் புகட்டினார்கள் என்றார்கள். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 1962இல் மூத்த பெண் சோபியாவை ஸ்பெயின் தேசத்து ஹுவான் கார்லோஸுக்குக் கொடுத்தபோது பார்லிமெண்டு ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து சீதனம் எடுத்துக் கொடுத்தது. ஆம் தோழர்களே, சீதனம்! பெண்ணும் மாப்பிள்ளைக்காகத் தன் கிரேக்க மதத்தைவிட்டுக் கத்தோலிக்கரானார். மதமென்பது ஆத்மாவோடு ஒட்டியது, மாற்றக்கூடாதது என்று ஏழைப் பறையனுக்கு உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிம்மாசனம் எதிரே இருந்தால் மதம் சட்டை மாற்றுவது போல் சுலபமாகக் கழன்றுவிடுகின்றது.

1963இல் லண்டனுக்குப் போன ராணியை, கிரேக்கச் சிறைகளில் வருஷக்கணக்காய் அடைபட்டிருந்த அரசியல் கைதிகளின் சார்பில் ஆர்ப்பாட்டக்காரர்கள் தெருவில் துரத்தினார்கள். அந்த வருஷத்து ராஜாங்க யாத்திரை விஷயமாய் அரண்மனையோடு மாறுபட்டுப் பிரதம மந்திரி கரமன்லிஸ் ராஜிநாமாச் செய்தார். 1964இல் பால் இறந்தார். மகன் கான்ஸ்டன்டைன் பட்டத்துக்கு வந்தார். 1967 ஏப்ரலில் பட்டாள அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். டிசம்பரில் அவர்களை எதிர்த்துத் தோற்ற ராஜா தாயாரோடும் குடும்பத்தோடும் ரோமுக்கு ஓடினார்.

இரண்டு வயது நிறையுமுன் ஒரு பட்டம் போயிற்று. ஐம்பது வயதில் இன்னொரு பட்டம் போயிற்று. அதற்குப் பிறகு 1970களில் அவர் ஐரீனோடு சென்னைக்கு வந்து தங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் படித்தார். காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியிடமும் பக்தி கொண்டிருந்தார். அணு விஞ்ஞானத்தில் அவருக்கு வெகு நாளாக ஆவல். அதுதான் வேதாந்தத்துக்கு வழி காட்டியது என்றும் சொல்லுவார்கள். இருக்கலாம். இழந்தவருக்கு “இழந்ததெல்லாம் மாயை” என்ற வார்த்தை இதமாகத்தான் இருக்கும். அது அவர் சொந்த விஷயம். ஆனால் அணு விஞ்ஞானி சொன்னதை வேறொருவன் சோதித்துப் பார்த்துப் பொய்யென்று காட்டலாம். பிரம்மத்தை எந்தத் தராசில் வைப்பது? ஒரு ராணி ஒப்புக்கொண்டதால் ஒரு தத்துவம் உண்மையாகிவிடுமானால், அவர் தாத்தா கெய்சர் ஒப்புக்கொண்டதெல்லாம் உண்மையா? அவர் கிறிஸ்தவக் கடவுளை நம்பித்தானே பீரங்கியைத் திருப்பினார்?

நம் ஊரில் வெள்ளைக்காரரின் நற்சாட்சிப் பத்திரத்துக்கு ஏங்குவது இன்று நேற்றைய வியாதியல்ல. 1882இல் ஆல்காட்டு துரையும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் அடையாற்றில் பிரம்மஞான சபைக்குத் தோட்டம் வாங்கிக் குடியேறிய நாளிலிருந்து நடக்கின்றது. வெள்ளைக்காரன் நம் நிலத்தை ஆண்டால் அடிமைத்தனம் என்றோம். நம் சாஸ்திரத்தைப் புகழ்ந்தால் மட்டும் உச்சி குளிர்ந்துபோனோம். இது எந்தச் சுயமரியாதையில் சேர்த்தி?

ஆனால் நாம் கேட்கவந்த முக்கியமான கேள்வி இதுவல்ல.

அத்வைதத்துக்கு மூலபுருஷர் ஆதிசங்கரர். அவர் பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் “அபசூத்திராதிகரணம்” என்று ஒரு பகுதி இருக்கின்றது. சூத்திரனுக்கு வேதம் கேட்கவும் ஓதவும் அதன் வழியாய்ப் பிரம்ம வித்தை பெறவும் அதிகாரமில்லை என்பது அதன் தீர்ப்பு. கேட்ட காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்லும் ஸ்மிருதியையும் அவர் அங்கே பிரமாணமாக எடுத்துக் காட்டுகின்றார். இதிகாச புராணம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் இருக்கின்றது. நாம் கட்டிச் சொல்லவில்லை. மயிலாப்பூர்ப் புத்தகக் கடைகளிலேயே மொழிபெயர்ப்பு கிடைக்கும், வாங்கிப் பார்க்கலாம்.

பிரெடெரிகா அம்மையார் எந்த வருணம்? சாஸ்திரப்படி அவர் நான்கு வருணத்திலும் சேராத மிலேச்சர். போதாக்குறைக்குப் பெண், அதற்கும் போதாக்குறைக்கு விதவை. சூத்திரனுக்கே இல்லாத அதிகாரம் இவருக்கு எப்படி வந்தது? சாஸ்திரம் மெய்யென்றால் அம்மையார் படித்தது குற்றம். அதைச் சபையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது அதைவிடக் குற்றம். அம்மையார் படித்தது சரியென்றால் அந்தச் சாஸ்திரம் பொய். ஆயிரம் வருஷமாய் அதைக் காட்டிப் பிற மக்களைத் துரத்தியது புரட்டு. இரண்டில் எது என்று சொல்லட்டும்! கிரீடத்துக்கு ஒரு நியாயம், கோவணத்துக்கு ஒரு நியாயம் என்பதே உண்மையான சித்தாந்தமென்றால் அதையாவது தைரியமாய்ச் சொல்லிவிடட்டும்.

உண்மையில் அம்மையாருக்குக் கதவைத் திறந்தது சாஸ்திரமுமல்ல, மடமுமல்ல. பல்கலைக்கழகம் என்ற பொது ஸ்தாபனம். 1857இல் ஏற்பட்டது. அங்கே வேதாந்தமும் ஒரு பாடம். யாரும் படிக்கலாம், யாரும் மறுக்கலாம். வாத்தியாருக்குச் சம்பளம் பொதுப்பணம். அந்தப் பெருமையை மடத்தின் கணக்கில் எழுதுவது என்ன யோக்கியம்?

அம்மையார் சென்னையில் அத்வைதம் படித்த அதே காலத்தில் இதே ஊரில் வேறு என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1970 டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபை அர்ச்சகர் வேலையில் பரம்பரை உரிமையை நீக்கிச் சட்டம் செய்தது. வைதீகர்கள் டில்லிக்கு ஓடினார்கள். 1972 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, பரம்பரை பாத்தியதை இல்லையென்பது சரிதான், ஆனால் ஆகமம் சொல்லுகிற கூட்டத்தார்தான் விக்கிரகத்தைத் தொடலாம், மற்றவர் தொட்டால் தீட்டு என்பது மத நம்பிக்கை என்று சொல்லிற்று. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிய கதை! 1973 டிசம்பர் 19ஆம் தேதி, 94 வயதில், உடல் நோவோடு, தியாகராய நகரில் பெரியார் பேசிய கடைசிப் பேச்சும் இந்தச் சூத்திர இழிவைப் பற்றியதே. ஐந்தாம் நாள் காலமானார். “எல்லாம் ஒன்றே” என்று ஒரு பக்கம் ராணிக்குப் பாடம். “நீ தொட்டால் சாமிக்குத் தீட்டு” என்று மறுபக்கம் நம் மக்களுக்குத் தீர்ப்பு. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில்!

கிரேக்க ஜனங்கள் வேறுவிதமாய்க் காரியம் செய்தார்கள். 1973இல் பட்டாள ஆட்சி முடியாட்சியை எடுத்துவிட்டதாக அறிவித்தது. அந்த ஆட்சி விழுந்த பிறகு 1974 டிசம்பர் 8இல் ஜனங்களிடமே ஓட்டு எடுத்தார்கள். நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர், பிறப்பினால் வரும் ராஜா எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ஒரே நாளில் தீர்ந்தது. இங்கே பிறப்பினால் வரும் அர்ச்சகரை மாற்றச் சட்டம் செய்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், 2006இல் ஓர் உத்தரவு, 2015இல் ஒரு தீர்ப்பு, பயிற்சி முடித்தும் வேலையில்லாமல் இருநூறு வாலிபர்கள் என்று இழுத்தது. 2021 ஆகஸ்டு 14இல், இதே மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோவில் வளாகத்தில்தான், பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களுக்கு நியமன உத்தரவு வழங்கப்பட்டது. அடுத்த வாரமே வழக்குகள் கிளம்பின. வழக்குப் போட்டவர்களில் ஒருவராவது பிரெடெரிகா ராணி அத்வைதம் கேட்டதற்குப் பரிகாரம் செய்யவேண்டுமென்று மனுப் போட்டாரா?

இன்னொரு வெள்ளைக்காரப் பெண்ணின் கதையையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். 1915இல் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து வக்கீலின் மகள் மோலி பிங்க் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வெள்ளை சர்க்கார் அந்தப் பெண்ணுக்கு ராணிப் பட்டம் தர மறுத்தது. 1916இல் பிறந்த பிள்ளைக்குச் சிம்மாசன உரிமையில்லை என்றது. ராஜா ஊரைவிட்டு ஐரோப்பாவில் போய்த் தங்கி, 1928இல் பாரிசில் இறந்தார். பட்டம் வேறொரு சிறுவனுக்குப் போயிற்று. சாதிக் கலப்பு என்றால் வெள்ளைக்கார மனுவும் நம் மனுவும் அண்ணன் தம்பிதான். ஆனால் நாம் சொல்லவருவது: தமிழ்நாட்டு ராஜாவைக் கைப்பிடித்து இங்கேயே வாழவந்த மோலி பிங்க் எந்த மேடையிலும் புகழப்பட்டு நாம் கேட்டதில்லை. சாதியை உடைத்தவளுக்குப் புகழ் ஏது? உடைக்காமல், உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போன ராணிக்குத்தான் புகழ்!

பிரெடெரிகா அம்மையார் 1981 பிப்ரவரி 6இல் மாட்ரிட்டில் இறந்தார். ஏதென்ஸுக்கு வெளியே தத்தோயில், புருஷன் பக்கத்தில், கிறிஸ்தவச் சடங்கோடு புதைத்தார்கள். பிள்ளையான கான்ஸ்டன்டைன் தாயைப் புதைக்க வந்து நிற்க, கிரேக்க சர்க்கார் சில மணி நேரம்தான் அனுமதி கொடுத்தது. அது கொஞ்சம் கடுமையான காரியமென்றே நாம் நினைக்கின்றோம்.

பிரசங்கத்துக்குத் திரும்புவோம். முடிவில், சந்தேகமுள்ளவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நாம் ஒரு வரி எழுதிக் கொடுத்தோம்: “ராணி அம்மையாருக்கு வேதாந்தம் கேட்க அதிகாரம் எப்படி வந்தது?” பிரசங்கியார் சிரித்துக்கொண்டே வாசித்து, “உண்மையான தாகத்தோடு வருகிறவர்களுக்குச் சாஸ்திரத்தில் விலக்கு உண்டு” என்றார். நாம் எழுந்து நின்று, “சந்நிதித் தெருவில் முப்பது வருஷமாய்ச் சாமிக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறாளே, அந்த அம்மாளின் மகனுக்கு அர்ச்சகனாகத் தாகம் இருக்கின்றது, விலக்கு உண்டா?” என்று கேட்டோம். சபையில் கொஞ்சம் சலசலப்பு உண்டாயிற்று. நண்பர் நம் சட்டையைப் பிடித்து இழுத்தார். நேரமாகிவிட்டது என்று காரியதரிசி மணியடித்தார். உடனே இரண்டு பெண்கள் எழுந்து மங்களம் பாடத் தொடங்கிவிட்டார்கள்.